இஞ்சியும் அதன் சுற்றமும்

"இஞ்சி இலாபம் மஞ்சளில் போயிற்று" என்பது நம் நாட்டுப் பழமொழி. ஒன்றில் ஈட்டியதை மற்றொன்றில் இழந்தவரைப் பார்த்து இவ்வாறு கூறுவர். இப்பழமொழியைச் சொன்னவர் இஞ்சியையும் மஞ்சளையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னதில் வியப்பில்லை. இரண்டும் கிழங்குத் துண்டை நட்டு வளர்ப்பவை. இரண்டும் மழையை நம்பி முளைத்து, எட்டு ஒன்பது மாதங்களில் தாள் காய்ந்து அறுவடைக்கு வருபவை. தாவர இயல் அறிஞர்களும் இவ்விரண்டையும் ஒரே குடும்பத்தில்தான் சேர்த்துள்ளனர். அக்குடும்பத்திற்கு 'ஜிஞ்சிபெரேசி' என்பது பெயர். நாம் அதனை இஞ்சிக் குடும்பம் என்றே அழைப்போம்.

இக்குடும்பத்தில் 50-க்கும் மேற்பட்ட பேரினங்களும் 1500-க்கும் மேற்பட்ட சிற்றினங்களும் உள்ளன. அவற்றுள் மிகப் பல ஆசியாவின் வெப்பமான, மழை மிகுந்த நாடுகளில் வாழ்கின்றன. நம் அடுப்படியில் இருக்கும் இஞ்சி, மஞ்சள், ஏலக்காய், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சித்தரத்தை, கச்சோலம், பூந்தோட்டத்தில் அழகுக்காக வளர்க்கும் பல செடிகள் ஆகிய யாவும் இச்சுற்றத்தைச் சேர்ந்தவையே. நாள்தோறும் உண்ணும் பொருளாயினும் இவற்றைப் பற்றி நாம் அறிந்தது சிறிதே. அறிந்தவர்கள் நம் பாட்டிமார்கள். அவர்கள் அறிந்ததை நாம் கேட்டு வைத்துக்கொள்ளாவிடில் என்ன ஆகும் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

குடும்ப அடையாளங்கள்

இஞ்சியை வேர் என்று பலர் எண்ணுகின்றனர். அது வேர் அன்று. மண்ணுக்குள் படுத்த நிலையில் வளரும் தண்டு. பாடநூலில் இதனை மட்டநிலத்தண்டு என்று படித்திருக்கிறோம். ஒரு துண்டு இஞ்சியைக் கையில் எடுத்து உற்று நோக்கினால் கணுக்களும், கணுக்களைச் சுற்றிச் செதில் போன்ற இலைகளும், ஆங்காங்கே மொட்டுகளும் தெரியும். வேரில் இவை இரா. மண்ணுக்கு மேலே தண்டு போல் நிமிர்ந்து நிற்பதோ உண்மையான தண்டு அன்று. இலைகளின் அடிப்பகுதிகள் ஒன்றை ஒன்று இறுகச் சுற்றி அவ்வாறு தோன்றுகின்றன. இதனைப் பொய்த்தண்டு என்பர். வாழை மரமும் இத்தகைய பொய்த்தண்டு உடையதே. அது இஞ்சிக் குடும்பத்திற்குத் தூரத்து உறவு.

பூவிலும் ஒரு விந்தை உண்டு. இக்குடும்பத்துப் பூக்களில் அகன்று, வண்ணக் கோடுகளுடன் நம் கண்ணைக் கவரும் பெரிய இதழ் உண்மையில் அல்லி இதழ் அன்று. மகரந்தம் தரும் ஆற்றலை இழந்த மகரந்தத் தாள்களே இணைந்து அவ்வாறு இதழாக மாறியுள்ளன. ஒரு பூவில் மகரந்தம் தருவது ஒரே ஒரு மகரந்தத் தாள் மட்டும். இந்த அடையாளங்களைத் தெரிந்து கொண்டால் சந்தையில் காணும் இஞ்சியும் மலைச்சரிவில் காணும் ஏலமும் உறவினர் என்பதை நாமே கண்டு கொள்ளலாம்.

கைமாறி வாழும் செடி

இஞ்சியைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது ஒன்று உண்டு. நாம் பயிரிடும் இஞ்சி எந்தக் காட்டிலும் தானாக வளரும் நிலையில் காணப்படவில்லை. அது விதை தருவதும் மிக அரிது. மஞ்சளும் பெரும்பாலும் அவ்வாறே. அப்படியானால் பல நூறு தலைமுறைகளாக இச்செடிகள் எவ்வாறு பிழைத்து வந்தன? ஒவ்வோர் ஆண்டும் அறுவடை முடிந்ததும், யாரோ ஓர் உழவர் நோயற்ற, பருத்த கிழங்குகளைத் தேர்ந்து, உண்ணாமலும் விற்காமலும் அடுத்த பருவத்திற்கு எடுத்து வைத்தார். முளைக்கும் மொட்டு ஒன்றோ இரண்டோ உள்ள சிறு துண்டாக அதை நறுக்கி மீண்டும் நட்டார். இன்று நாம் தேநீரில் தட்டிப் போடும் இஞ்சி, அவ்வாறு கைக்குக் கை மாறி வந்த இஞ்சியே. ஒரு தலைமுறை எடுத்து வைக்க மறந்திருந்தால் அவ்வகை அன்றோடு முடிந்திருக்கும்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. தாய்க்கிழங்கில் அழுகல் நோய் இருந்தால் அது சேய்க்கும் தொடரும். ஆகவேதான் விதைக்கிழங்கைத் தேர்ந்தெடுப்பதில் உழவர்கள் அத்தனை கவனம் காட்டுகின்றனர். கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தில் இஞ்சி, மஞ்சள், ஏலம் ஆகியவற்றின் பல வகைகளைச் சேகரித்துப் பேணி வருகின்றனர்.

அடுப்படியில்

பச்சை இஞ்சி துவையலாகவும் பச்சடியாகவும் ஊறுகாயாகவும் நம் இலையில் இடம் பெறுகிறது. அதனை உலர்த்தினால் சுக்கு. உலரும்பொழுது இஞ்சியிலுள்ள 'ஜிஞ்சரால்' என்னும் காரப்பொருளில் ஒரு பகுதி 'ஷோகால்' என்னும் வேறொரு பொருளாக மாறுகிறது. இது முன்னதைவிடக் காரம் மிக்கது. சுக்குக் காபி தொண்டையில் இறங்கும்போது பச்சை இஞ்சியைவிட உறைப்பதற்கு இதுவே காரணம். சுக்கின் மேல்தோலைச் சீவிய பின்னரே பயன்படுத்த வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த முறை. கிறிஸ்துமஸ் காலத்தில் ஆங்கிலோ இந்தியர் இல்லங்களில் இஞ்சி ஒயின் தயாரிப்பதும், ஐரோப்பிய நாடுகளில் இஞ்சி ரொட்டி சுடுவதும் நீண்ட நாளைய வழக்கங்கள்.

மஞ்சளுக்கு நம் மாநிலத்தில் பெயர் பெற்ற ஊர் ஈரோடு. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. தோண்டி எடுத்த மஞ்சளை வேகவைத்து, வெயிலில் உலர்த்தி, மேல்தோல் போகத் தேய்த்து மெருகேற்றிய பிறகே அது கடைக்கு வருகிறது. மஞ்சளின் நிறம் 'குர்குமின்' என்னும் பொருளால் வருவது. இது காரத்தைச் சந்தித்தால் சிவக்கும். மஞ்சள் கறை படிந்த துணியில் சோப்புப் போட்டால் கறை சிவந்து போவதை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி எடுக்கும் நம் பாட்டி, ஆய்வுக்கூடத்திற்குச் செல்லாமலே இவ்வேதியியலை அறிந்திருந்தார் என்றால் மிகையாகாது.

கிழங்கு மட்டுமன்றி மஞ்சளின் இலையும் பயன் தருவது. கோவாவில் அரிசி மாவை மஞ்சள் இலையில் பரப்பி, நடுவில் தேங்காயும் வெல்லமும் வைத்து மடித்து ஆவியில் வேக வைப்பர். 'பத்தோளி' எனப்படும் இப்பண்டத்தை அங்குள்ள கத்தோலிக்கர் ஆகஸ்டு 15-ஆம் நாள் அன்னை மரியாளின் விண்ணேற்புத் திருவிழாவன்று செய்கின்றனர். நம் ஊரிலோ பொங்கல் பானையின் கழுத்தில் இலையோடு கூடிய மஞ்சள் கொத்தையும் இஞ்சிக் கொத்தையும் கட்டுகிறோம். கடையில் தூளாகக் காணும் மஞ்சளை முழுச் செடியாகக் காணும் வாய்ப்பு நகரத்துப் பிள்ளைகளுக்கு அன்று ஒரு நாளில்தான் கிட்டுகிறது.

மாங்காய் இஞ்சியைப் பலரும் இஞ்சியில் ஒரு வகை என்று கருதுவர். ஆனால் அது மஞ்சளின் பேரினத்தைச் சேர்ந்தது. பச்சை மாங்காயின் மணம் வீசுவதால் இப்பெயர் பெற்றது. எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்த மாங்காய் இஞ்சி ஊறுகாயின் சுவையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஏலக்காய் இச்சுற்றத்தின் செல்வப் பிள்ளை. இங்கு நாம் உண்பது கிழங்கை அன்று, காயை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய மரங்களின் நிழலில் ஏலச்செடி வளர்கிறது. அதன் பூங்கொத்து தண்டின் உச்சியில் தோன்றாமல் அடியிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டிப் படரும். வெண்ணிறப் பூவின் நடுவே ஊதா நிறக் கோடுகள் இருக்கும். தேனீக்கள் வந்து மகரந்தத்தைச் சேர்த்தால்தான் காய் பிடிக்கும். நிழல் தரும் மரமும் தேனீயும் இல்லையேல் ஏலமும் இல்லை. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்திற்குப் பெயர் பெற்ற ஊராகும்.

மருந்துப் பெட்டியில்

"சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை" என்பர். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். சித்த மருத்துவத்தில் இது இடம்பெறாத மருந்துகள் குறைவு. இருமலுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் சித்தரத்தைத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக் கொள்ளச் சொல்லுவர். 'சிற்றரத்தை' என்பதே பேச்சு வழக்கில் சித்தரத்தை ஆயிற்று. அதன் மூத்த உறவு பேரரத்தை. தாய்லாந்து நாட்டினர் தேங்காய்ப்பாலில் காய்ச்சும் வடிசாற்றில் நறுக்கிப் போடுவது இந்தப் பேரரத்தையைத்தான். நமக்கு மருந்து, அவர்களுக்கு உணவு!

கச்சோலச் செடி மிகவும் சிறியது. அதன் இலைகள் தரையோடு தரையாகப் படிந்திருக்கும். மணம் மிக்க அதன் கிழங்கை நம் நாட்டில் குளியல் பொடியில் சேர்ப்பர். இந்தோனேசியாவில் அதே கிழங்கை ஊறவைத்த அரிசியோடு அரைத்துப் பானமாக அருந்துவர். கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் குழந்தைகளுக்கும் மணப்பெண்களுக்கும் அரைக்கும் நலங்கு மாவில் சேருபவை.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கஸ்தூரி மஞ்சள் என்று கேட்டால் அதே சுற்றத்தைச் சேர்ந்த வேறு கிழங்கைத் தந்துவிடுவது கடைகளில் உண்டு. பூலாங்கிழங்கு என்னும் பெயரும் இடத்திற்கு இடம் வெவ்வேறு கிழங்குகளைக் குறிக்கிறது. காய்ந்து, துண்டாகி, தூளாகிவிட்ட பின் எது எது என்று கண்டறிவது எளிதன்று. செடியைக் கண்டவர்கள் குறையக் குறையப் பெயர்களும் குழம்புகின்றன. எங்கள் வகுப்பில் சித்தரத்தையைச் சுவைக்காதவர் இல்லை. ஆனால் அதனைச் செடியாகக் கண்டவர் ஒருவர்கூட இல்லை.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. வீடுகளில் 'இன்சுலின் செடி' என்று ஒன்றை வளர்க்கின்றனர். இலைகள் தண்டைச் சுற்றிச் சுழல் படிக்கட்டு போல் அமைந்திருக்கும். இஞ்சிச் செடியை ஒத்திருந்தாலும் இது அண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு இதன் இலையை மட்டும் நம்பி இருத்தல் உயிருக்கே தீங்காகலாம். ஆழமான காயத்திற்கு மஞ்சளைப் பூசிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லாதிருப்பதும் அவ்வாறே. பாட்டி வைத்தியத்தை மதிப்பது என்பது அதன் எல்லையையும் அறிந்திருப்பதாகும். நல்ல பாட்டிமார்களுக்கு அவ்வெல்லை நன்றாகவே தெரியும்.

பூந்தோட்டத்தில்

இச்சுற்றத்தில் அழகுக்காகவே வளர்க்கப்படும் செடிகளும் பல. வெண்ணிறத்துப் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக அமர்ந்தாற்போல் பூக்கும் ஒரு செடி உண்டு. அதன் பேரினப் பெயர் 'ஹெடிக்கியம்'. கிரேக்க மொழியில் அதற்கு 'இனிய பனி' என்று பொருள். கேரளத்தில் இதனைக் கல்யாண சௌகந்திகம் என்கின்றனர். மாலையில் இதன் மணம் பெருகும். அந்தி வேளையில் பறக்கும் அந்துப்பூச்சிகளை அழைப்பதற்கே அம்மணம். இமயமலைப் பகுதியில் தோன்றிய இப்பூ, கடல் கடந்து சென்று கியூபா நாட்டின் தேசிய மலராகிவிட்டது. விடுதலைப் போர்க் காலத்தில் அந்நாட்டுப் பெண்கள் இப்பூக்களுக்குள் இரகசியச் செய்திகளை மறைத்து எடுத்துச் சென்றனர் என்று கியூபா மக்கள் பெருமையுடன் கூறுவர்.

செவ்விஞ்சி என்னும் செடியில் நாம் பூ என்று எண்ணும் சிவந்த பகுதி பூவன்று. பூவடிச் செதில்களின் அடுக்கே அது. உண்மையான பூக்கள் சிறியனவாய், வெண்ணிறமாய் அச்செதில்களின் இடுக்கில் ஒளிந்திருக்கும். மலேசியாவில் 'பூங்கா கந்தான்' எனப்படும் தீப்பந்த இஞ்சி, அழகும் சுவையும் ஒருங்கே அமைந்தது. அதன் இளஞ்சிவப்பு மொட்டை மெல்லியதாக அரிந்து 'லக்சா' என்னும் உணவில் தூவுவர். ஹவாய்த் தீவினர் வேறொரு வகை இஞ்சியின் சிவந்த பூங்கதிரைப் பிழிந்து, வழியும் வழவழப்பான நறுநீரால் கூந்தல் அலசுவர். நாம் சீயக்காய் தேய்ப்பது போன்றது அது.

ஆனால் அழகுச் செடி எல்லாம் எங்கும் நன்மை செய்வதில்லை. இமயமலையில் அடக்கமாக வாழ்ந்த மஞ்சள் நிற ஹெடிக்கியம் ஒன்றைத் தோட்ட அழகுக்காக ஹவாய், நியூசிலாந்து, அசோர்ஸ் தீவுகள் முதலிய இடங்களுக்குக் கொண்டு சென்றனர். அங்கே அது காடுகளுக்குள் புகுந்து, தரை முழுவதும் கிழங்குப் பாயை விரித்து, அந்நாட்டு மரக்கன்றுகள் முளைக்க விடாமல் தடுத்துவிட்டது. அதைப் பிடுங்கி எறிய அந்நாட்டினர் இன்றும் பாடுபடுகின்றனர். பயனும் தீமையும் செடியை மட்டும் பொறுத்தனவல்ல. அது நிற்கும் இடத்தையும் பொறுத்தன.

பெயர்கள் சென்ற வழி

செடிகளோடு சொற்களும் பயணம் செய்தன. ஆங்கிலேயர் இஞ்சியைக் குறிக்கும் 'ஜிஞ்சர்' என்னும் சொல் இலத்தீன், கிரேக்கம், பாலி மொழிகளின் வழியாகத் தென்னிந்தியாவின் 'இஞ்சி வேர்' என்பதற்கே வந்து சேருகிறது என்று மொழியறிஞர் பலர் கருதுகின்றனர். ஏலத்தின் அறிவியல் பெயர் 'எலெட்டாரியா' என்பதாகும். அதுவும் மலையாள நாட்டு மக்கள் வழங்கிய பெயரே.

அப்பெயரை உலகிற்குத் தந்த நூல் 'ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்'. கொச்சியில் டச்சுக்காரரின் ஆளுநராக இருந்த வான் ரீடு என்பவர் தொகுத்த இந்நூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. படங்களைத் தீட்டியவர்களும் மொழிபெயர்த்தவர்களும் பலர். தொடக்கத்தில் துணை நின்றவர்களுள் ஒருவர், மத்தேயு அடிகளார் என்னும் இத்தாலி நாட்டுக் கார்மேல் சபைத் துறவி. ஆனால் செடிகளின் பெயரையும் மருத்துவப் பயனையும் எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்னும் மலையாள வைத்தியர். அவர் 1675-ஆம் ஆண்டில் தம் கையால் எழுதித் தந்த சான்றும் அந்நூலில் அச்சாகியுள்ளது. அவருடைய குடும்பத்து ஓலைச்சுவடிகளில் இருந்த அறிவு இவ்வாறு நூலேறியதால் முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நமக்குக் கிடைக்கிறது. அவர் காலத்தில் வாழ்ந்த எத்தனையோ வைத்தியர்களின் அறிவு அவர்களோடு மறைந்து போயிற்று.

ஏட்டில் இருந்ததால் மீண்ட மஞ்சள்

எழுதி வைப்பதன் பயனை நம் காலத்து நிகழ்ச்சி ஒன்று தெளிவாக்குகிறது. 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உள்ள மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திற்கு, மஞ்சளைக் கொண்டு காயம் ஆற்றும் முறைக்காகக் காப்புரிமை வழங்கப்பட்டது. புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றுக்கே காப்புரிமை தருவது வழக்கம். முழங்காலில் சிராய்ப்போடு வந்த பிள்ளைக்கு மஞ்சள் குழைத்துப் பூசாத தாய் நம் நாட்டில் உண்டோ? ஆயினும் "எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்" என்று சொன்னால் மட்டும் காப்புரிமை அலுவலகம் ஏற்காது. எழுத்தில் சான்று வேண்டும்.

இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் இதனை எதிர்த்தது. அப்போது அம்மன்றத்தின் தலைமை இயக்குநராக இருந்தவர் டாக்டர் ஆர். ஏ. மஷேல்கர். பழைய வடமொழி நூற்பகுதி, 1953-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ இதழில் வெளியான கட்டுரை முதலியவை உட்பட 32 எழுத்துச் சான்றுகளை மன்றம் முன்வைத்தது. அவற்றை ஆராய்ந்த அமெரிக்க அலுவலகம் 1997-ஆம் ஆண்டில் அக்காப்புரிமையை நீக்கியது. இதன்பின் நம் நாட்டு மருத்துவ நூல்களில் உள்ள முறைகளைப் பிற மொழியினரும் படித்தறியும் வண்ணம் பதிவு செய்யும் மரபறிவு மின்னூலகம் 2001-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. சித்த மருத்துவத் தமிழ் நூல்களும் அதில் இடம் பெற்றுள்ளன.

யாரோ எழுதி வைத்திருந்ததால் மஞ்சள் நம்மிடம் மீண்டது. ஆனால் நம் வீடுகளில் வழங்கும் கைமுறைகள் பல எந்த ஏட்டிலும் இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு பாட்டி கிண்டும் லேகியத்தில் சுக்கு எவ்வளவு, சித்தரத்தை எவ்வளவு, பாகு எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்பன அவருடைய கைக்கு மட்டுமே தெரியும். "கண்ணளவு போடு" என்பார்; அக்கண்ணளவு எவ்வளவு என்று நாம் கேட்டதில்லை.

நாம் செய்யத்தக்கவை

அன்புத் தோழியரே! விடுமுறையில் ஒரு குறிப்பேட்டை எடுத்துக் கொள்வோம். நம் பாட்டியும் அத்தையும் அண்டை வீட்டுப் பெரியவர்களும் இச்செடிகளை எந்தப் பெயரால் அழைக்கின்றனர், எதற்குப் பயன்படுத்துகின்றனர், எவ்வளவு சேர்க்கின்றனர், யாருக்குத் தரக்கூடாது என்கின்றனர் என்பவற்றை அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதுவோம். சொன்னவர் பெயரையும் நாளையும் ஊரையும் குறிப்போம். 'கண்ணளவு' என்று அவர் எடுத்துப் போட்டதைத் தராசில் வைத்து நிறுத்து எழுதுவோம். செடி கிடைத்தால் அதன் இலையையும் பூவையும் படமாக வரைந்து பக்கத்தில் சேர்ப்போம். எழுதியதையெல்லாம் மருந்தாக உட்கொள்ள வேண்டும் என்பதில்லை. அதனை முடிவு செய்ய மருத்துவர்கள் இருக்கின்றனர். எழுதி வைப்பது நம் கடமை.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சந்தையில் வாங்கும் இஞ்சியில் முளை விட்ட துண்டு ஒன்று இருந்தால் அதை எறிந்து விடாமல் மகளிடம் கொடுங்கள். உடைந்த மண் தொட்டியோ பழைய வாளியோ போதும். மட்கிய எருவும் மணலும் கலந்த மண்ணில், முளை மேல் நோக்கி இருக்கும்படி இரண்டு விரற்கடை ஆழத்தில் புதைத்து, தண்ணீர் தேங்காமல் பார்த்துக் கொண்டால் சில வாரங்களில் பச்சைக் குருத்து எட்டிப் பார்க்கும். அறுவடையின் போது முழுவதையும் அடுப்படிக்கு அனுப்பாமல், நல்ல துண்டு ஒன்றை அடுத்த ஆண்டிற்கு எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

விதை அரிதான இஞ்சி, கைக்குக் கை மாறி இவ்வளவு காலம் வாழ்ந்திருக்கிறது. அதனைப் பயன்படுத்தும் அறிவும் அவ்வாறே வாய்க்கு வாய் வந்திருக்கிறது. இரண்டும் இப்போது நம் கையில் வந்து நிற்கின்றன. துண்டை நடுவோம், கேட்டதை எழுதுவோம்.